மூவாயிரம் கறுப்புப் படங்கள்

தார்ப்பாய் வெட்டும் கத்தரியால் யேசுதாஸ் அந்தப் படத்தின் அடிப்பக்கத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். கெட்டிக் காகிதம், முரட்டுக் கத்தரி, ஓரம் பிசிறடித்தது. அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி அச்சாகியிருந்தது, படத்தை எடுத்தது எந்தத் தொலைநோக்கி, எந்த வருஷம் என்று. அந்த இரண்டு வரியும் போய்விட்டால் படம் அவன் மனைவி ரெஜினா எடுத்ததாகிவிடும். காலையில் ஃபிளெக்ஸ் கடை தப்ரேஸிடம் நின்று அச்சடித்து வாங்கியபோதே அவன் இதை முடிவு செய்திருந்தான்.

"எலே, அங்க என்னத்தலே வெட்டிக்கிட்டு இருக்க? ரெஜினாப் பிள்ள உன்னத் தேடுது" என்று உள்ளறையிலிருந்து அக்கா சுகிர்தத்தின் குரல் வந்தது. தூத்துக்குடியிலிருந்து அவள் வந்து மூன்று வாரம் ஆகிறது. தம்பி பெண்டாட்டிக்குப் பீயும் மூத்திரமும் அள்ள வந்தவள், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை.

"தோ வரேங்க்கா."

பதினாறு வயதில் தண்டையார்பேட்டைக்கு வந்து, மாமாவின் கயிறு-தார்ப்பாய்க் கடையில் மூட்டை தூக்கி, பிறகு அதே கடைக்கு முதலாளியானவன் யேசுதாஸ். ஊர்ப் பேச்சு எப்போதோ உதிர்ந்துபோனது. அக்காவிடம் பேசும்போதுகூட மெட்ராஸ்தான் வாயில் வரும். அவனுக்குப் பொய் சொல்ல வராது என்று ஹைரோட்டில் எந்த லாரிக்காரனைக் கேட்டாலும் சொல்வான். நைலான் கயிற்றைத் தேங்காய் நார் என்று விற்கத் தெரியாத ஆள்! அப்படிப்பட்டவன் இருபது நாளாகக் கட்டின பெண்டாட்டியிடம் ஒரே பொய்யைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

கத்தரித்த துண்டைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். படத்தைப் பாயின் அடியில் தள்ளிவிட்டு உள்ளே போனான்.

ரெஜினா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஜனவரியில் அறுபத்திரண்டு கிலோ இருந்த பொம்பளை. இப்போது சுகிர்தம் ஒருத்தியே ஒரு கையால் புரட்டிவிடுகிறாள். கணையத்தில் புற்று வந்தது, மார்ச்சில் தெரிந்தது, மே மாதமே வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். இது ஜூன் பாதி.

"ஜுபைரு படத்த குடுத்தானா?" என்று கேட்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"இன்னிக்கு குடுத்துடறேன்னான். மத்தியானத்துக்குள்ள வந்துடும்."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான் ரெஜி. நீ மொதல்ல கஞ்சிய குடி."

அவள் அவனையே பார்த்தாள். சுகிர்தம் கரண்டியை வாயருகே கொண்டுபோனாள். ஒரு கரண்டி உள்ளே போனது, பாதி வெளியே வந்தது. யேசுதாஸ் துண்டை எடுத்து அவள் மோவாயைத் துடைத்துவிட்டான்.

ரெஜினாவுக்கு மணலி ரோட்டில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. எந்தப் பெட்டி எந்த அடுக்கில் கிடக்கிறது என்று கணினியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளை இல்லை. ஆறு வருஷம் முன்னால் ஒரு நாள் ஒரு சாண் அகலத்தில் ஒரு வெள்ளைக் குழாயை ஆட்டோவில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். டெலஸ்கோப் என்றாள். அன்றிலிருந்து நிலா இல்லாத நாளெல்லாம் மொட்டைமாடிதான். தண்டையார்பேட்டை வானத்தில் நட்சத்திரம் தேடுவது காசிமேட்டு மீன் ஏலத்தில் அமைதியைத் தேடுவது போல. தெற்கே துறைமுகத்து விளக்கு, வடக்கே எண்ணூர் புகைக்கூண்டு, நடுவில் சுத்திகரிப்பு ஆலையின் தீ. ராத்திரி வானம் டீ நிறத்தில் கிடக்கும். அந்த டீக்குள் கண்ணைப் புதைத்து அவள் எதையோ தேடினாள். எடுக்கவும் செய்தாள்!

மற்றவர்கள் நிலாவை எடுப்பார்கள், சனியின் வளையத்தை எடுப்பார்கள். இவளுக்குக் கோணல்தான் பிடிக்கும். ஒழுங்காகச் சுருண்டு கிடக்கும் கேலக்ஸிகளை விட்டுவிட்டு முட்டிக்கொண்டது, கிழிந்தது, நடுவில் ஓட்டை விழுந்தது, வால் முளைத்தது என்று தேடித் தேடிப் போவாள். "ஒயுங்கா கீறத பாக்க உலகமே கீது. கோணிக்கினு போனத யாரு பாப்பா?" என்பாள். கண்ணாடிக் கடை ஜுபைரும் இன்னும் நாலு பேரும் இதே பைத்தியம். வண்ணாரப்பேட்டையில் மாசம் ஒரு முறை கூடுவார்கள்.

கடைசி மூன்று வருஷமாக அவள் பிடித்துக்கொண்டிருந்தது எலிகளை. இரண்டு கேலக்ஸிகள். ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கடந்துபோய், போன வேகத்தில் ஆளுக்கொரு நீள வாலை இழுத்துக்கொண்டு நிற்கின்றன. முப்பது கோடி ஒளியாண்டு தூரமாம். வாலைப் பார்த்து எலிகள் என்று யாரோ செல்லப்பெயர் வைத்துவிட்டார்கள். கடைக்குப் போகும்போது யேசுதாஸ், "இன்னா, எலி மாட்டிச்சா?" என்று கேட்பான். "ஒரு வாலு லேசா தெரியுது. இன்னொண்ண நம்ம ஊரு வெளிச்சம் முயுங்கிடுது. இன்னும் எடுக்கணும்" என்பாள்.

எப்படி எடுக்கிறாள் என்றும் சொல்லியிருக்கிறாள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பத்து தடவையாவது சொல்லியிருப்பாள். ஒரு படத்துக்கு இரண்டு நிமிஷம்தான் கணக்கு, அதற்கு மேல் போனால் ஊர் வெளிச்சம் கெடுத்துவிடும். ஒற்றைப் படத்தைத் திறந்து பார்த்தால் கறுப்பாகத்தான் இருக்கும். அப்படி மூவாயிரம் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துச் சேர்த்தால்தான் கறுப்புக்குள்ளிருந்து வால் எழுந்து வரும். அவள் இதைச் சொல்லும்போதெல்லாம் யேசுதாஸ் மீன்முள்ளை நோண்டிக்கொண்டு 'உம்' கொட்டியிருக்கிறான். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

ஏறியிருந்தால் மார்ச்சில் அதைச் செய்திருப்பானா?

ஸ்கேன் எடுத்த இடத்தில் ஒரு சிடி கொடுத்தார்கள். வேலூரில் ஒரு டாக்டருக்கு அதை அனுப்பினால் பார்த்துச் சொல்வார் என்று யாரோ சொல்ல, யேசுதாஸ் அவளுடைய லேப்டாப்பைத் திறந்தான். அவள் அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஸ்கேனை ஏற்றப் போனால் இடமில்லை என்றது. எது இடத்தை அடைத்திருக்கிறது என்று பார்த்தான். ஒரே போல்டருக்குள் மூவாயிரம் சொச்சம் படங்கள். ஒன்றைத் திறந்தான், கறுப்பு. இன்னொன்று, கறுப்பு. பத்துப் பதினைந்து பார்த்தான், எல்லாம் கறுப்பு, இரண்டு மூன்றில் ஊசி குத்தின மாதிரி வெள்ளைப் புள்ளி. மூடியைக் கழற்றாமல் எடுத்துவிட்டாளோ பாவம், உடம்பு சரியில்லாமல் கவனிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டான். மொத்தத்தையும் அழித்தான். அப்போதும் இடமில்லை என்றது. குப்பைக்கூடையையும் காலி செய்தான். ஸ்கேன் போய்ச் சேர்ந்தது. வேலூர் டாக்டர் பார்த்துவிட்டு, தாமதமாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று எழுதினார்.

மே மாதம் வீட்டுக்கு வந்த அன்று, கட்டிலில் படுக்க வைத்ததும் அவள் சொன்னாள்: "எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. எலிப் படம் சேந்துடிச்சுன்னா போதும். மூணு வருஷத்து படம், லேப்டாப்புல ஒரே போல்டர்ல கீது. அத்த ஜுபைருகிட்ட குடுங்க, அவன் சேத்து தருவான். அத்த பாத்துட்டா நிம்மதியா போயிடுவேன்."

யேசுதாசுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் அழித்தது அந்தப் படங்களைத்தான். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். "சரி, குடுத்துடறேன்" என்றான். மறுநாள் "குடுத்துட்டேன்" என்றான். அதற்கப்புறம் தினமும் ஒன்று. நேரம் ஆகுமாம். கம்ப்யூட்டர் சூடாயிடுதாம். பாதி வந்துவிட்டதாம்.

அவளும் தினமும் கேட்டாள். விடாமல் கேட்டாள். சில நாள் வேறு மாதிரியும் கேட்பாள். "ஏங்க, எதுனா சொல்லணும்னு நெனச்சிகினு கீறீங்களா? மொகமே சரியில்ல" என்பாள். "தூக்கம் இல்ல ரெஜி, அதான்" என்பான். "எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் இன்னா, அடிக்கவா போறேன்? கை தூக்கக்கூட முடியல" என்று சிரிப்பாள். அவனும் சிரித்துவைப்பான்.

நேற்று ராத்திரி பொறுக்கமாட்டாமல் ஜுபைருக்கு போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஜுபைர் பதறவில்லை, திட்டவும் இல்லை. "அண்ணே, அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. இன்னிக்கே சொல்லிடுங்க" என்றான்.

"எப்டி பாய் சொல்றது? சாவப் போறவகிட்ட போயி, நீ மூணு வருஷம் பனியில நின்னு எடுத்தத நான் குப்பையில போட்டுட்டேன்னு சொல்லவா? நீ ஒண்ணு பண்ணு. அதே எலி படம் நெட்டுல எதுனா இருந்தா எடுத்து அவகிட்ட காட்டு. நீ சேத்ததா சொல்லு."

"அது என்னால முடியாதுண்ணே. கேக்காதீங்க" என்று ஜுபைர் போனை வைத்துவிட்டான். பெரிய யோக்கியன், தோஸ்தாம் தோஸ்து என்று யேசுதாஸ் அவனை மனதுக்குள் திட்டினான். விடிந்ததும் தப்ரேஸ் கடைக்குப் போனான். நெட்டில் தேடினால் எலிகள் வண்டி வண்டியாகக் கிடைத்தன. அதிலேயே பளிச்சென்று இருந்த ஒன்றைக் காட்டி, இதைப் போடு என்றான். ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய தொலைநோக்கி எடுத்த படம் அது. யேசுதாசுக்கு அதெல்லாம் தெரியுமா? பளிச்சென்று இருந்தது, எடுத்துக்கொண்டான்.

பதினோரு மணிக்குப் படத்தை அவளிடம் கொண்டுபோனான். வாசலில் யாரோ வந்து கொடுத்த மாதிரி, "வந்துடிச்சி ரெஜி!" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனான். சுகிர்தம் தலையணையைத் தூக்கி வைத்து அவளை உட்கார வைத்தாள்.

ரெஜினா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிடிக்க முடியாமல் படம் மடியில் சரிந்தது. யேசுதாஸ் அதைத் தூக்கிப் பிடித்தான். நீல நிறத்தில் இரண்டு உருண்டை, ஒன்றிலிருந்து கோடு கிழித்த மாதிரி நேராக ஒரு வால், இன்னொன்றிலிருந்து வளைந்து ஒரு வால். பின்னால் இருட்டில் பொடிப் பொடியாகக் கணக்கில்லாத வெளிச்சங்கள். சுகிர்தம்கூடக் குனிந்து பார்த்து, "ஏ ஆத்தா, எம்புட்டு அழகு! இத நம்ம மாடியில நின்னா எடுத்த?" என்றாள்.

ரெஜினா படத்தை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். அடிப்பக்கத்தில், கத்தரி கடித்து ஓரம் பிசிறாகியிருந்த இடத்தில், அவள் பார்வை கொஞ்சம் நின்றது.

"யாரு சேத்தாங்க?"

"ஜுபைருதான்."

"எத்தினி படம் போட்டானாம்?"

"எல்லாத்தையும். மூவாயிரத்தையும் போட்டுட்டான்."

அவள் தலையை ஆட்டினாள். வெளியே தண்ணி லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

"நல்லா கீது" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, "வேற எதுனா கீதா, சொல்றதுக்கு?" என்று கேட்டாள்.

"வேற இன்னா? ஒண்ணுமில்ல. நீ படு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். யேசுதாசுக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இருபது நாளைக்கு அப்புறம் முதல் தடவையாக அவனுக்குப் பசித்தது. அக்காவிடம் சோறு வாங்கி, வட்டில் நிறையச் சாப்பிட்டான். அப்புறம் அவளுக்கு இளநீர் வாங்கி வருகிறேன் என்று கிளம்பி, வழியில் நின்று ஒரு டீயும் குடித்துவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திரும்பினான்.

நாலு மணி இருக்கும். கடல்காற்று ஜன்னல் திரையைத் தூக்கியது. சுகிர்தம் வேதாகமத்துச் சங்கீதம் ஒன்றை முணுமுணுத்தபடி அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். யேசுதாஸ் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, பஞ்சை இளநீரில் நனைத்து அவள் உதட்டில் வைத்தான். ஒரு தடவை சப்பினாள். இரண்டாவது தடவை சப்பவில்லை. அவன் மூன்றாவது தடவையும் நனைத்தான்.

"போதும்லே" என்றாள் சுகிர்தம். "பிள்ள போயிட்டு."

யேசுதாஸ் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இளநீர் மணிக்கட்டு வழியாக வழிந்து முழங்கைக்கு வந்தது. சுகிர்தம் ரெஜினாவின் மோவாயைத் துணியால் கட்டினாள், கையை எடுத்து நெஞ்சில் வைத்தாள், அதற்கப்புறம்தான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

சாவு வீட்டு வேலையெல்லாம் ரெஜினாவின் தம்பி சாலமோன் தலையில்தான் விழுந்தது. ராயபுரத்தில் கிளியரிங் ஏஜென்டிடம் வேலை பார்க்கிறவன், ஓடியாடுவதில் கெட்டிக்காரன். அரை மணி நேரத்தில் ஐஸ் பெட்டி வந்தது, ஒரு மணி நேரத்தில் சந்து முழுக்கச் சாமியானா. நடுவில் அவன் கட்டிலில் கிடந்த படத்தைப் பார்த்துவிட்டான்.

"மாமா, இதான் அக்கா எடுத்ததா? மூணு வருஷமா சொல்லிக்கினு இருந்துச்சே!" என்று படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதான். ஆறடி ஆள், குழந்தை மாதிரி அழுதான். "யாருக்கு மாமா இந்த மாதிரி வரும்? பேனர்ல இத்த போடணும். ஊரு பாக்கட்டும்."

"வேணாம்டா, இன்னாத்துக்கு" என்றான் யேசுதாஸ்.

"நீ சும்மா இரு மாமா. நான் பாத்துக்கறேன்."

காலையில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் தெற்கத்திச் சொந்தமெல்லாம் வந்து இறங்கியபோது சந்து முனையில் பத்தடிக்கு பேனர் நின்றது. தப்ரேஸிடம் படம் ஏற்கெனவே இருந்ததால் ராத்திரியே அடித்துவிட்டான். எந்தப் படத்தை யார் எடுத்தது என்று கேட்கிற தொழிலா அது? இடது பக்கம் ரெஜினா, யார்டு அடையாள அட்டைக்கு எடுத்த முகம். வலது பக்கம் எலிகள், அவள் முகத்தைவிடப் பெரிதாக. கீழே சாலமோன் எழுதிக்கொடுத்த வாசகம்: 'எங்கள் மொட்டைமாடியிலிருந்து வானத்தை அளந்தவரே, உமது கரங்களின் கிரியை உம்மைப் போற்றும்.' வந்தவர்கள் செருப்பைக் கழற்றும் முன் பேனருக்கு முன்னால் நின்றார்கள். போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். யேசுதாஸின் கையைப் பிடித்து, "குடுத்து வெச்சவருங்க நீங்க" என்றார்கள்.

மூன்று மணி ஆராதனையில் ஆயர் பிரசங்கத்தையே அதை வைத்துத்தான் செய்தார். வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது. அந்த மகிமையை இந்தச் சகோதரி சிம்னி புகைக்கும் துறைமுக வெளிச்சத்துக்கும் நடுவில் நின்று பிடித்துத் தந்திருக்கிறார். சபையார் 'ஆமென்' என்றார்கள். யேசுதாஸ் ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்கத் துடைக்க ஈரம் வந்துகொண்டிருந்தது.

ஜுபைரின் கூட்டத்தார் ஐந்து பேரும் அப்போதுதான் வந்தார்கள். சந்து முனையில் பேனரைப் பார்த்து நின்றார்கள். அவர்களில் ஒருவரும் போனை எடுக்கவில்லை. அந்தப் படத்தை ஆயிரம் தடவை பார்த்தவர்கள் அவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெட்டிக்கு மாலை போட்டார்கள், தலை குனிந்து நின்றார்கள், யேசுதாஸ் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். அப்போதே அவனுக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

காசிமேட்டுக் கல்லறையில் மண் போட்டு முடிந்ததும் கூட்டம் வேனைப் பார்த்து நடந்தது. ஜுபைர் சுற்றுச்சுவர் ஓரமாகப் போவதைப் பார்த்து யேசுதாஸ் விரட்டிக்கொண்டு போனான்.

"இன்னா பாய், மூஞ்சிய திருப்பிக்கினு போறே? கேக்கணும்னா கேளு. செருப்பால அடிக்கணும்னா அடி. ஆமா, பொய்தான். அவ சந்தோசமா போவட்டும்னு செஞ்சேன். சந்தோசமாத்தான் போனா. அவ வாயாலயே நல்லா கீதுன்னா."

"விடுங்கண்ணே. இன்னிக்கு வேணாம்."

"இல்ல, நீ சொல்லு. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

ஜுபைர் தொப்பியைக் கழற்றி மடித்தான். சொல்லலாமா வேண்டாமா என்று மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"அக்காவுக்குத் தெரியும்ணே."

"இன்னா தெரியும்?"

"படம் அழிஞ்சது. மே மாசமே தெரியும். நீங்க என்கிட்ட குடுத்துட்டதா அக்காகிட்ட சொன்னீங்கல்ல, அன்னிக்கே எனக்கு போன் பண்ணி எவ்ளோ ஆச்சுன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. மறுநாள் நீங்க கடையில இருக்கும்போது வரச்சொல்லி, லேப்டாப்ப நாங்க ரெண்டு பேரும் தொறந்து பாத்தோம். மூணு மணி நேரம் முட்டினேன். ஒண்ணுகூட மீட்க முடியல."

யேசுதாஸ் கையில் ஒட்டியிருந்த கல்லறை மண்ணைத் தேய்த்தான்.

"அழுதாங்க. கொஞ்ச நேரந்தான். அப்புறம் லேப்டாப்புல ஸ்கேன் ஃபைல பாத்தாங்க, தேதிய பாத்தாங்க. எனக்காகத்தான் அழிச்சிருக்காரு ஜுபைரு, தெரியாம பண்ணிட்டாருன்னாங்க. நான் சொன்னேன், நீங்களே அண்ணன்கிட்ட கேட்டுடுங்கக்கான்னு. வேணாம்னாங்க. நான் கேட்டா மாட்டிக்கினாருன்னு ஆயிடும், அவரா சொல்லட்டும்னாங்க. அவரு சொல்லிட்டா நான் ஒரு தபா திட்டிட்டு விட்டுடுவேன். அவரு சொல்றதுக்கு முன்னாடியே நான் போயிட்டேன்னா, அத்த நெஞ்சுல வெச்சுகினு அந்த மனுசன் எப்டி ஒத்தையில இருப்பாருன்னு கேட்டாங்க. சத்தியம் வாங்கிகினாங்கண்ணே, நான் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு. அதான் முந்தாநாளு சொல்லிடுங்க சொல்லிடுங்கன்னு அடிச்சிகினேன்."

"தெனம் கேப்பாளே" என்றான் யேசுதாஸ். "படம் வந்துச்சா, வந்துச்சான்னு..."

ஜுபைர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். "நேத்து பன்னண்டே முக்காலுக்கு இத்த அனுப்பினாங்க. உங்களுக்குக் காட்டணுமான்னு எனக்குத் தெரியல" என்று அதை அழுத்தி, யேசுதாஸின் காதருகே பிடித்தான்.

முதலில் வெறும் மூச்சு. பின்னால் சுகிர்தம் பாத்திரம் நகர்த்தும் சத்தம். அவன் இளநீர் வாங்கப் போன நேரம். பிறகு ரெஜினாவின் குரல், ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று வந்தது.

"ஜுபைரு... படம் கொண்டாந்து காட்டினாரு. நல்லா கீதுன்னு... சொல்லிட்டேன். நீயும்... அப்டியே சொல்லிடு."

அவ்வளவுதான். ஜுபைர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். சாலமோன் வேனிலிருந்து "மாமா, வாங்க" என்று கத்தினான். யேசுதாஸ் போய் ஏறிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து எல்லாரும் கால் கழுவினார்கள். கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள், ஐஸ் பெட்டி போன இடத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஆயரின் மனைவியும் வந்திருந்தாள். சுகிர்தம் எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டு, தம்பியின் பக்கத்தில் வந்து, "ஒரு வாய் குடிலே" என்று டம்ளரை அவன் கையில் திணித்தாள்.

சாலமோன் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தான். எப்போது போனான், எங்கே போட்டான் என்று தெரியவில்லை. பொன் நிறச் சட்டம், கண்ணாடி. கத்தரி கடித்த ஓரம் சட்டத்துக்குள் மறைந்திருந்தது. கூடத்தில் எல்லாரும் பார்க்கிற சுவரில் ஆணி அடித்து மாட்டினான்.

"கோயில் ஹாலுக்கும் இதுல ஒண்ணு வேணும்" என்றாள் ஆயரின் மனைவி. "கீழ ரெஜினா பேரு போட்டு வெக்கலாம். நம்ம சபையில பொறந்த புள்ளன்னு நாளைக்கு நாலு பேரு தெரிஞ்சுக்கணும் இல்லியா?"

"போட்டுடலாங்கம்மா. மாமா, போட்டுடலாம்ல?"

யேசுதாஸ் எழுந்து நின்றான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"சாலமோனு, அந்தப் படம்..." என்றான்.

கூடத்தில் எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். சுகிர்தம் டீக் கெட்டிலோடு நின்றாள். சாலமோன் ஸ்டூலின் மேல் நின்றபடியே, அழுது வீங்கின கண்ணோடு, சட்டத்தின் இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"இன்னா மாமா?"

யேசுதாஸ் படத்தைப் பார்த்தான்.

"வலது பக்கம் கொஞ்சம் தூக்கு" என்றான்.